தோற்க வந்தவர்கள்

ஐம்பது வயது தாண்டிய மூன்று ஆண்கள் ஒரு பேக்கரி மேஜையைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, தாங்கள் ஆடிய ஆட்டங்களைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசுவதை நான் கேட்டிருக்கிறேன். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஒன்றரை வருஷம். பாப்பிரெட்டிப்பட்டி பஸ் நிலையத்துக்கு எதிரில் இருக்கும் பேக்கரியில், ஞாயிற்றுக்கிழமை தவறாமல், பகல் பன்னிரண்டு மணிக்கு மேல். ஊரில் பேசுவதற்கு வேறு விஷயமே இல்லாத மாதிரி பேசுவார்கள். நடுவில் நான் ஏதாவது சொல்ல வாயெடுத்தால் இரு, சொல்லி முடித்துக்கொள்கிறேன் என்று கையைக் காட்டுவார்கள். நான் எழுந்து போயிருக்கலாம். போகாமல் டீயை ஆறவிட்டுக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

மூன்று பேரும் என்னோடு ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். ஒருவன் உரக்கடை வைத்திருக்கிறான். ஒருவன் டெய்லர், ஊருக்கெல்லாம் பாய், எங்களுக்கும் பாய்தான். மூன்றாமவன் பெங்களூரில் ஒரு கம்பெனியில் இருக்கிறான். சனிக்கிழமை ரயிலேறிப் பொம்மிடியில் இறங்கி, அம்மாவைப் பார்க்க வந்தேன் என்று சொல்லிக்கொண்டு எங்களோடு சுற்றுவான். நான் பத்திரம் எழுதுகிறவன். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிர்ச்சாரியில் ஒரு கம்ப்யூட்டரும் பிரிண்டரும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அதனால் இவர்களுக்கு என் பெயர் மறந்து பல வருஷமாகிறது. 'பத்திரம்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

பேச்சைப் பெங்களூர்க்காரன்தான் தொடங்குவான். அவன் வீட்டுப் பக்கத்தில் விளையாடுவதற்கென்றே ஒரு கடை இருக்கிறதாம். சுவர் முழுக்கப் பெட்டிகளாம். காபி ஒன்றைச் சொல்லிவிட்டு எந்தப் பெட்டியை வேண்டுமானாலும் எடுத்துப் பிரித்து ஆடலாமாம். போன வாரம் ஆடியது பண்ணை வைக்கிற ஆட்டமாம். அட்டையில் நிலம், மரக்கட்டையில் மாடு, மஞ்சள் வில்லைகளில் தானியம். மழை வருமா வராதா என்று ஒரு சீட்டு சொல்லுமாம். இவன் சரியான பருவத்தில் விதைத்து, எதிரில் இருந்த மூன்று பேரையும் மண்ணைக் கவ்வ வைத்தானாம். இதைச் சொல்கிறவன் யாரென்றால், அப்பா விட்டுப் போன இரண்டரை ஏக்கரை, கிணறும் தென்னையும் சேர்த்து, விற்றுவிட்டுப் பெங்களூரில் பிளாட் வாங்கியவன். அந்தக் கிரயப் பத்திரத்தை எழுதியவன் நான். கையெழுத்துப் போடும்போது அந்த நிலத்தின் நாலு எல்லையைக்கூட அவனுக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. இப்போது அட்டையில் ஏர் ஓட்டுகிறான்.

உரக்கடைக்காரனுக்கு அட்டையும் கிடையாது. போனில் லூடோ. கடையில் வாடிக்கையாளர் பூச்சி விழுந்த இலையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார். இவன் தலையைத் தூக்காமல், இருங்க இருங்க என்பான். முகம் தெரியாத யாரோ ஒருவனைப் பதினோரு ஆட்டத்தில் ஒன்பது முறை ஜெயித்ததைச் சொல்லும்போது கண் கலங்காத குறைதான். டெய்லர், மகள் வயிற்றுப் பேத்தியோடு பாம்பும் ஏணியும் ஆடுகிறவன். தொண்ணூற்றெட்டில் இருக்கிற பாம்பைப் பற்றி அவன் பேசினால், வரப்பில் மிதித்துக் கடி வாங்கியவன் பேசுகிற மாதிரி இருக்கும். அந்தப் பாம்பில் தான் நாலு முறை இறங்கியதாகவும், ஐந்து வயதுப் பேத்தி ஒரு முறைகூட இறங்கவில்லை என்றும், அதில் ஏதோ சூது இருப்பதாகவும் சொன்னான். தைக்கக் கொடுத்த ஜாக்கெட் எப்போது வரும் என்று இவனிடம் கேட்ட பெண்கள் இதையெல்லாம் கேட்க வேண்டும்.

இதெல்லாம் முன்னுரைதான். உண்மையான பேச்சு, அன்று காலை தாயத்தில் எப்படித் தோற்றோம் என்பது.

அதைச் சொல்வதற்கு முன்னால் எங்கள் பெஞ்சின் ஐந்தாவது ஆளைச் சொல்லிவிட வேண்டும். அவன் டிரைவர். பொம்மிடிக்கும் தருமபுரிக்கும் நடுவில் ஒரு தனியார் பஸ்ஸை இருபத்தாறு வருஷம் ஓட்டியவன். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் காலையில் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன. வாய் ஒரு பக்கமாகப் போனது. ஆஸ்பத்திரியில் இருந்து வந்த பிறகு பேச்சு மெல்லத் திரும்பியது. கையும் காலும் திரும்பவில்லை. பிள்ளை இல்லை. மனைவி ஒரு தனியார் பள்ளியில் ஆயா வேலைக்குப் போய்விட்டு நாலு மணிக்கு வருவார். மீதி நேரமெல்லாம் அவன் நாற்காலியில் உட்கார்ந்து, தெருவில் போகிற வண்டிகளின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பான். ஒரு நாளைக்கு ஆயிரம் பேரைப் பார்த்தவனுக்கு வாரத்தில் மிஞ்சியது ஞாயிற்றுக்கிழமை காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரைதான். அந்த இரண்டு மணி நேரத்துக்கு இந்த மூன்று பேரும் போய் அவனோடு தாயம் ஆடுவார்கள். அன்றைக்கு அவன் ஒன்பது மணிக்கே இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிவிடச் சொல்லி உட்கார்ந்துவிடுவான் என்று அவன் மனைவி என்னிடம் சொல்லியிருக்கிறார்.

போய்ப் பார்ப்பது நல்ல காரியம்தான். ஆனால் இவர்கள் போய்ச் செய்தது என்ன? தோற்றார்கள். வேண்டுமென்றே, வாரா வாரம், மூன்று பேரும்.

தாயத்தில் தோற்பது அவ்வளவு லேசு இல்லை. கட்டை விழுகிறபடிதான் காய் நகரும், அதை நம்மால் மாற்ற முடியாது. எங்கள் பக்கத்து விதிப்படி, எதிராளியின் காயில் ஒன்றையாவது வெட்டாதவன் உள்சுற்றுக்குப் போக முடியாது; உள்ளே போகாமல் பழம் எடுக்க, அதாவது காயைக் கரை சேர்க்க, முடியாது. அதனால் டிரைவர் ஜெயிக்க வேண்டுமென்றால் யாராவது போய் அவனுக்கு எதிரில் கழுத்தை நீட்ட வேண்டும். இவர்கள் அப்படி நீட்டிய கழுத்தைத்தான் பேக்கரியில் உட்கார்ந்து பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள்.

பெருக்கல் குறி போட்ட கட்டத்துக்கு மலை என்று பெயர். அதன்மேல் நிற்கிற காயை யாரும் வெட்டக்கூடாது. டெய்லர், மலைமேல் பத்திரமாக நின்ற தன் காயைக் கீழே இறக்கி, டிரைவரின் காய்க்கு மூன்று கட்டம் முன்னால் கொண்டுபோய் வைத்தானாம். டிரைவருக்கு மூன்று விழுந்து வெட்டும்போது, இவன் அல்லா என்று நெஞ்சில் கை வைத்தானாம். எப்படிக் கை வைத்தான் என்று எங்களுக்கு எழுந்து நின்று காட்டினான். உரக்கடைக்காரன் தனக்குப் பன்னிரண்டு விழுந்ததும் முழங்காலால் கட்டையைத் தட்டிவிட்டு, உருண்டுபோய்விட்டது, செல்லாது என்றானாம். பெங்களூர்க்காரன் எண்ணத் தெரியாதவன் மாதிரி ஐந்துக்கு நாலு வைத்தானாம். கம்ப்யூட்டர் படித்தவனுக்கு ஐந்து வரைக்கும் எண்ணத் தெரியவில்லை என்று டிரைவர் அவனைக் கிண்டல் செய்தானாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

இதில் அவர்களுக்குள் போட்டி வேறு. நீ தோற்றது தெரிகிற மாதிரி இருந்தது, நான் தோற்றதுதான் சுத்தம் என்பான் ஒருவன். போன வாரம் அவன் கிட்டத்தட்டக் கண்டுபிடித்துவிட்டான், உன்னால்தான் என்பான் இன்னொருவன். விட்டுக்கொடுப்பதிலும் ஒருத்தனை ஒருத்தன் ஜெயிக்கப் பார்த்தார்கள். மூன்று பேரின் முகத்திலும் கோயிலுக்குப் போய் உண்டியலில் காசு போட்டுவிட்டு வந்த திருப்தி இருக்கும். நான் டீயைத் தள்ளி வைப்பேன்.

நீ ஏன் போகவில்லை என்று கேட்பீர்கள். போனேன், முதல் மாதத்தில் இரண்டு தடவை. ஒரு ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன். பழைய காதுகுத்து பிளெக்ஸ் ஒன்றைத் திருப்பிப் போட்டு, அதன் முதுகில் மார்க்கரால் கட்டம் போட்டிருந்தார்கள். காய்களுக்கு டெய்லர் நாலு நிறத்தில் சட்டைப் பொத்தான் கொண்டுவந்திருந்தான். டிரைவர் இடது கையால் கட்டையை உருட்டி, ஒரு பக்கம் கோணிய வாயால் சிரித்து, வெட்டுடா வெட்டு என்று கூவினான். மூன்று பேரும் ஐயோ ஐயோ என்றார்கள். என்னால் அவனைப் பார்க்க முடியவில்லை. இந்தப் பொய்யில் எனக்குப் பங்கு வேண்டாம் என்று நினைத்தேன். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு வேலை இருந்தது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தாயம் நாலு பேர் ஆடுகிற ஆட்டம். அவனோடு சேர்த்து நாலு பேர் சரியாக இருந்தார்கள். வா, நீயும் ஒரு கை போடு என்று ஒரு நாள்கூட இவர்கள் என்னைக் கூப்பிடவில்லை. அது எனக்கு உறுத்தியது.

போன வருஷம் மாங்காய் முடிந்து, மழைக்கு முந்தி, ஒரு ஞாயிற்றுக்கிழமை பேக்கரியில் என்னால் பொறுக்க முடியவில்லை. டெய்லர் நெஞ்சில் கை வைத்துக் காட்டிக்கொண்டிருந்தான். நான் சொன்னேன்:

"அவனுக்கு ஒடம்புதான்டா விழுந்துபோச்சு, புத்தி விழுகல. ஒரு மனுசனக் கொழந்தையாக்கி வெச்சிக்கிட்டு வெளையாடறீங்க. வெக்கமா இல்ல?"

டெய்லர் கையை இறக்கினான். உரக்கடைக்காரன் பப்ஸைக் கடித்துக்கொண்டே, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்றான். வேண்டுமானால் நீ வந்து ஆடிப் பார், அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு வெட்ட முடிகிறதா பார்க்கலாம் என்றான். எனக்குச் சவால் விடுகிற அளவுக்கு உரக்கடைக்காரனுக்குத் துணிச்சல் வந்துவிட்டது.

அடுத்த வாரம் பெங்களூர்க்காரன் வரவில்லை. கம்பெனியில் வேலை. நாலாவது இடம் காலி. நான் போனேன்.

டிரைவர் என்னைப் பார்த்ததும், "வாடா பத்திரம், வூடு மறந்துபோச்சின்னு நெனச்சேன்" என்றான். குத்திக்காட்டுகிற குரல் இல்லை. சட்டை மடிப்புக் கலையாமல் இருந்தது. முகம் மழித்து, விபூதி வைத்து, கல்யாணத்துக்குப் புறப்பட்டவன் போல இருந்தான். பிளெக்ஸை விரித்தார்கள். எனக்குக் கறுப்புப் பொத்தான்.

நான் ஒழுங்காக ஆடினேன். அதைத் தவிர ஒன்றும் செய்யவில்லை. ஒழுங்காக ஆடுகிற ஒரே ஆளுக்கு, தோற்பதற்கென்றே உட்கார்ந்திருக்கிற இரண்டு பேருக்கு நடுவில், ஜெயிப்பது எவ்வளவு சுலபம் என்று அன்றைக்குத் தெரிந்தது. டிரைவருக்காக டெய்லர் நீட்டிய கழுத்தை நான் வெட்டினேன். உள்சுற்றுக்கு இரண்டு கட்டம் இருக்கும்போது டிரைவரின் வெள்ளைப் பொத்தானை வெட்டினேன். உரக்கடைக்காரன் இருமினான். டெய்லர் என் காலை மிதித்தான். நான் இன்னொரு வெள்ளைப் பொத்தானையும் வெட்டினேன். டிரைவர் வெட்டுப்பட்ட பொத்தானை இடது கையால் எடுத்து, சட்டையில் துடைத்து, பக்கத்தில் வைத்தான். வெட்டுடா வெட்டு என்கிற சத்தம் அன்றைக்கு வரவில்லை. ஆறு காயையும் நான்தான் முதலில் பழமாக்கினேன். அவனுக்கு அப்போது நாலு காய் வெளியிலேயே இருந்தது.

"நல்லா ஆடற" என்றான் அவன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அந்தச் சொல் எனக்குச் சான்றிதழ் மாதிரி ஏறிவிட்டது. ஒன்றரை வருஷமாக இவர்கள் இந்த வார்த்தையைத்தான் அவனிடமிருந்து பறித்து வைத்திருந்தார்கள் என்று தோன்றியது. நான் சொன்னேன்:

"இன்னைக்கித்தான் நீ நெஜமா ஆடியிருக்க. இத்தன நாளா இவனுங்க வேணும்னே ஒனக்குத் தோத்துக்கிட்டு இருந்தானுங்க. தோத்துட்டு வந்து பேக்கரில ஒக்காந்து சொல்லிச் சொல்லிச் சிரிப்பானுங்க. ஒனக்கு யாரும் சொல்லல. நான் சொல்றேன்."

அவன் மனைவி டீ டம்ளர்களோடு அடுப்படி வாசலில் நின்றிருந்தார். டெய்லர் பொத்தான்களைப் பொறுக்கத் தொடங்கினான். கறுப்பையும் வெள்ளையையும் ஒன்றாகவே டப்பாவில் போட்டான். உரக்கடைக்காரன் போனை எடுத்துப் பார்த்தான், அதில் ஒன்றும் வரவில்லை. டிரைவர் அவர்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். அப்புறம் கட்டத்தைப் பார்த்தான்.

"அப்படியா" என்றான்.

நான் நிமிர்ந்த தலையோடு வெளியே வந்தேன். அன்று மதியம் எனக்கு நல்ல பசி. மறுசோறு வாங்கிச் சாப்பிட்டு, நிம்மதியாகத் தூங்கினேன்.

அடுத்த ஞாயிறு பன்னிரண்டு மணிக்குப் பேக்கரிக்குப் போனேன். மூன்று பேரையும் காணோம். உரக்கடைக்காரனுக்கு போன் செய்தால், லோடு வந்திருக்கிறது, இறக்க ஆள் இல்லை என்றான். அதற்கடுத்த வாரம் கேட்டால், மழை பெய்துவிட்டது, யூரியாவுக்குக் கூட்டம் என்றான். டெய்லர், ஒரே கல்யாணத்துக்கு நாற்பது ஜாக்கெட் என்றான். பெங்களூர்க்காரன் ரயிலே ஏறவில்லை. எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு போய் அவன் எதிரில் உட்காருவது என்று போனில் கேட்டான். அவன் அங்கே இல்லாத நாளில் நடந்ததற்கு அவனுக்கும் வெட்கமாம். சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தாயே என்று உரக்கடைக்காரன் ஒரு தடவை சொன்னான். ஆக, நான் சொன்னது சரியாகப் போயிற்று. நண்பனைப் பார்க்கவா போனார்கள்? தங்கள் பெரிய மனசைப் பார்க்கப் போனார்கள். அதற்கு வழியில்லை என்றதும் மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் வேலை வந்துவிட்டது. பேக்கரியில் தனியாக உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே இப்படி மூன்று வாரம் அவர்களைக் கேவலமாக நினைத்துக்கொண்டிருந்தேன். நானும் அந்த மூன்று வாரத்தில் டிரைவர் வீட்டுப் பக்கம் போகவில்லை. அது அப்போது என் கண்ணில் படவில்லை.

மூன்றாவது வாரம் கழிந்த பிறகு டிரைவரின் மனைவியை மருந்துக்கடை வாசலில் பார்த்தேன். மாத்திரைப் பையைக் கையில் வைத்திருந்தார். எப்படி இருக்கிறான் என்று கேட்டேன்.

"இருக்காருங்கண்ணா. ஞாயித்துக்கெழமையானா சட்ட மாட்டச் சொல்றாரு. ரெண்டு மணி வரைக்கும் அப்படியே வாசலப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்காரு. அப்புறம் அவரே கழட்டச் சொல்லிடறாருங்க."

என் மேல் பழி போடவில்லை. அந்த அம்மாள் முகத்தில் கோபம் இருந்திருந்தால் நான் ஏதாவது பதில் வைத்திருப்பேன். ஒன்றும் இல்லாததால், அவர் கையிலிருந்த மாத்திரைப் பையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த ஞாயிறு காலை பத்து மணிக்கு நான் போனேன். இவர்கள் யாரும் வேண்டாம், நான் ஒருத்தன் போதும், இரண்டு பேர் ஆட்டம் ஆடுவோம், நேர்மையான ஆட்டம் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன். பிளெக்ஸ் விரித்தே இருந்தது. சட்டை மாட்டித்தான் உட்கார்ந்திருந்தான். நான் எதிரில் உட்கார்ந்து கட்டையை எடுத்து அவனிடம் நீட்டினேன். அவன் வாங்கவில்லை.

"நீ சொல்றதுக்கு முந்தியே எனக்குத் தெரியும்டா" என்றான்.

எப்போதிலிருந்து என்று கேட்டேன்.

"ரெண்டாவது வாரத்துலேர்ந்து. பஸ்ல எனக்கு மேல ஒரு கண்ணாடி இருக்கும். கொழந்தையோட ஒரு பொம்பள ஏறினா, சீட்ல இருக்கறவன் பாதிப்பேரு கண்ண மூடிக்குவான். எவன் நெஜமாத் தூங்கறான், எவன் தூங்கறாப்ல நடிக்கறான்னு கண்ணாடில பாத்தே சொல்லிடுவேன். இருவத்தாறு வருசம் பாத்தவன்டா. பாய் நெஞ்சில கை வெக்கறது எனக்குத் தெரியாதா?"

வலது பக்க உதடு ஒத்துழைக்காததால் ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தித்தான் பேசினான். எனக்கு முதலில் வந்தது கோபம். தெரிந்துகொண்டே எப்படி இந்தக் கூத்துக்கு உட்கார்ந்திருந்தாய், ஏன் சும்மா இருந்தாய் என்று கேட்டேன்.

"சும்மாவா இருந்தேன்? கஷ்டப்பட்டு ஜெயிச்சேன்ல. அவனுங்க ஆடற ஆட்டத்துக்கு ஜெயிக்கறது லேசுன்னு நெனைக்கறியா? மூணு பேரும் ஒரே நேரத்துல வந்து கழுத்த நீட்டுவானுங்க. ஒருத்தன வெட்டுனா இன்னொருத்தன் மூஞ்சி சுருங்கிடும். போன வாரம் யாரு நல்லாத் தோத்தான், இந்த வாரம் யாருக்குக் குடுக்கணும்னு நான் கணக்கு வெச்சி வெட்டணும்."

சிரித்தான். பிறகு சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னான்:

"ஒடம்பு முடியாதவனப் பாக்க ஒருத்தன் எத்தன தடவ வருவான்? நீ ரெண்டு தடவ வந்த. அவ்வளவுதான் முடியும், நானா இருந்தாலும் அவ்வளவுதான். வந்து என்னத்தப் பேசறது? அவனுங்க தோக்க வந்தவனுங்க. தோத்துட்டுப் போனா அவனுங்களுக்கு மனசு நல்லா இருந்துச்சு. அதுல எனக்கு ரெண்டு மணி நேரம் ஆளு சத்தம் இருந்துச்சு. நீ வந்து அதக் கெடுத்துட்ட. இப்ப எனக்குத் தெரியும்னு அவனுங்களுக்குத் தெரியும். இனிமே எப்படிடா வருவானுங்க?"

நான் கட்டையைக் கீழே வைத்தேன். அவன் அதற்கும் ஒரு வழி யோசித்து வைத்திருந்தான். மூன்று வாரம் வாசலைப் பார்த்துக்கொண்டு அதைத்தான் யோசித்திருக்கிறான்.

"போயி அவனுங்ககிட்ட சொல்லு. நீ சொன்னத நான் நம்பலன்னு சொல்லு. எவன்டா எனக்கு விட்டுக்குடுக்கறது, நான் ஆடித்தான் ஜெயிச்சேன், பத்திரத்துக்கு வயித்தெரிச்சல், அவனச் சேத்துக்கலன்னு இல்லாததச் சொல்றான்னு நான் திட்டினேன்னு சொல்லு. நீயும் ஆமான்னு ஒத்துக்க. வயித்தெரிச்சல்ல சொல்லிட்டேன்னு சொல்லு."

என்னால் முடியாது என்றேன். நான் சொன்னது நிஜம், அதை நானே பொய் என்று போய்ச் சொல்ல மாட்டேன், அந்த மூன்று பேர் முன்னால் என் தலை குனியாது என்றேன். அவர்கள் எப்பேர்ப்பட்ட ஆட்கள் என்று கொஞ்ச நேரம் அவனுக்கு விளக்கினேன். அவன் முழுக்கக் கேட்டான்.

"சரி, அப்ப அவனுங்க வேணாம். நீயே வா. வாராவாரம் பத்து மணிக்கு. நீயும் நானும் மட்டும். வருவியா?"

நான் பதில் சொல்வதற்குள் ஒரு நொடி ஆனது. ஒரே நொடிதான். அந்த நொடியில், இந்தக் கூடம், இந்த நாற்காலி, மருந்து வாசனை, கோணிய வாய், ஒவ்வொரு வார்த்தைக்கும் காத்திருப்பது, வருஷத்துக்கு ஐம்பத்திரண்டு ஞாயிறு என்று எல்லாம் எனக்கு முன்னால் வந்து நின்றது. வருகிறேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"போ. போயி அவனுங்களக் கூட்டியா" என்றான்.

நான் போனேன். தீபாவளிக்கு முந்தின ஞாயிறு, பெங்களூர்க்காரன் லீவில் வந்திருந்தான். மூன்று பேரையும் போன் போட்டுப் பேக்கரிக்கு வரவழைத்தேன். டெய்லர் கழுத்தில் அளவெடுக்கிற டேப்போடு வந்தான். மேஜையில் நான்கு டீ வந்தது. நான் சொல்ல வேண்டியதை நின்றுகொண்டே சொன்னேன். அவன் என்னை நம்பவில்லை, என்னைத் திட்டினான், தான் ஆடித்தான் ஜெயித்ததாகச் சொல்கிறான், உங்களுக்குத்தான் ஆடத் தெரியவில்லை என்கிறான் என்றேன். இதுவரைக்கும் சுலபமாக இருந்தது. அப்புறம், ஆட்டத்தில் என்னைச் சேர்த்துக்கொள்ளாத வயிற்றெரிச்சலில் நான்தான் அப்படிச் சொல்லிவிட்டேன் என்றும் சொன்னேன்.

இவர்கள் நம்ப மாட்டார்கள் என்று நான் உள்ளுக்குள் பயந்துகொண்டு போயிருந்தேன். எத்தனை வருஷப் பழக்கம். பொய் சொல்லாதவன், முகத்துக்கு நேரே பேசுகிறவன் என்றுதானே என்னைத் தெரியும். சே, நீ அப்படிப்பட்ட ஆள் இல்லையே, யார் சொல்லிக்கொடுத்து வந்து இப்படிப் பேசுகிறாய் என்று யாராவது மடக்கினால் என்ன சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

பெங்களூர்க்காரன் நீளமாக மூச்சு விட்டான். டெய்லர் உரக்கடைக்காரனைப் பார்த்தான். உரக்கடைக்காரன் என் டீயை என் பக்கமாக நகர்த்தி வைத்தான்.

"ஒனக்கு வயித்தெரிச்சல்னு எங்களுக்கு அன்னைக்கே தெரியும்டா" என்றான். "ஒக்காரு."